ஊறிப்போன ஏ கட்டை

பியானோ சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். "உணர்ச்சியோடு வாசி" என்று மட்டும் யாரிடமும் சொல்லித் தொலைக்காதீர்கள்.

நான் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், விடுதியில் தங்கிப் படித்த கல்வராயன் மலைப் பெண் ஒருத்தியிடம், "இது துக்கமான இடம், துக்கமா வாசி" என்றேன். அவள் உடனே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். சத்தம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது, உரலில் இடிக்கிற மாதிரி. நான் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப நல்லா இருக்கு" என்றேன். அவ்வளவு முட்டாள் நான். பரீட்சை எடுக்க வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டு காதால் கேட்டார். பெயிலாக்கிவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்து, உணர்ச்சியை எப்படிச் சொல்லித் தருவது மேடம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நான்கு வருஷம் நடித்தேன். ஒருநாள் நடுரோட்டில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். விரல் பயிற்சி, உட்காரும் விதம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் களமருதூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது பியானோ கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே சுவரோரமாக ஒரு பழைய பியானோ நின்றது. அதன் வயிற்றுக்குள் நாற்பது வாட் பல்ப் ஒன்று இரவும் பகலும் எரியும். ஈரம் ஏறாமல் இருக்க அப்படித்தான் செய்வார்கள். கரண்ட் போனால் பல்ப் போகும், பல்ப் போனால் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் நடு சி சுரத்துக்கு மேலே இருக்கும் ஏ சுரத்தின் கட்டை ஊறிக்கொள்ளும். அழுத்தினால் கீழே போகும், மேலே வராது. நாலாவது விரலைக் கொக்கி மாதிரி வளைத்துத் தூக்கிவிட வேண்டும். கல்வராயன் மலை மேல் மேகம் கவிந்தால் இரண்டு மணி நேரத்தில் ஏ கட்டைக்குத் தெரிந்துவிடும். தலைமை ஆசிரியரே துணி காயப்போடும் முன், "டீச்சர், ஏ எப்படி இருக்கு?" என்று ஆள் அனுப்பிக் கேட்பார்.

பியானோவுக்குச் சுருதி கூட்டிச் சரிபார்க்கிற ட்யூனர் வருஷத்துக்கு இரண்டு தடவை மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வருகிற நாளெல்லாம் வெயில் கொளுத்தும். ஏ கட்டை நல்ல பிள்ளை மாதிரி எழும்பி எழும்பி வரும். "எங்கம்மா ஒட்டுது?" என்பார். நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல நிற்பேன்.

இனி தனலட்சுமி. தனம் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற குடும்பம். பள்ளியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வந்தவர், பியானோ கட்டைகளைத் துடைத்துத் துடைத்தே எந்தக் கட்டைக்கு எந்தச் சத்தம் என்று பிடித்துக்கொண்டார். நர்சரிப் பிள்ளைகளின் பாட்டுக்கு வாசிக்க ஆள் இல்லாதபோது, "நா வாசிக்கட்டா?" என்று உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க வேண்டுமானால் ஐந்தாம் கிரேடு பியானோ சான்றிதழ் வேண்டும், நாற்பது வயதுக்குள் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நான் சொல்கிற வருஷம், அடுத்த தையில் அவருக்கு நாற்பது முடிய இருந்தது. பரீட்சை வருஷத்தில் ஒரு தடவைதான். அதாவது, இதை விட்டால் திரும்பத் துடைப்பம்தான்.

சொல்லிக்கொடுத்தது நான். திட்டியதும் நான். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற அறையில் வாசித்துப் பழகியவர், எல்லாவற்றையும் ஓங்கியே அடிப்பார்.

"அக்கா, சத்தம் ஜாஸ்தி! கட்டையை அடிக்காதீங்க. கையோட கனத்த மெதுவா எறக்குங்க."

"எறக்குனா கேக்காது டீச்சரம்மா."

"யாருக்குக் கேக்காது?"

"கடைசி பெஞ்சுக்கு."

"இங்க ஏது கடைசி பெஞ்சு? நானும் நீங்களுந்தான இருக்கோம்!"

"பழக்கம்" என்பார். இரண்டு வருஷம் இதே சண்டை. ஆனாலும் பரீட்சைக்கான மெதுவான பாட்டில் கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். அந்தப் பாட்டில் ஒரு மெட்டு, முதலில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் வரும். படிப்படியாக ஏறி ஏ-யில் போய் நிற்கும், ஜி-க்கு இறங்கும், மறுபடி ஏ. உயிர் எல்லாம் அந்த இரண்டாவது ஏ-யில்தான். அங்கே அவசரப்படாமல் ஒரு நொடி காத்து நான் வாசித்துக் காட்டுவேன், அவரும் அப்படியே வாசிப்பார். உணர்ச்சி வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரீட்சை திருக்கோவிலூரில் ஒரு பள்ளியில். கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். பரீட்சை எடுப்பவர் மெட்ராஸிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டார். அவர் வந்து இறங்கிய மறுநாள் சாலை மறியல் ஆரம்பித்தது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம். உங்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கரண்டும் பாதி நேரம் இல்லை. பல்ப் அணைந்தது. ஏ கட்டை சரியாக ஊறிப்போனது.

பரீட்சை அன்று விடிகாலையில் தனம் அக்கா வந்து, "வுடுங்க டீச்சரம்மா. நம்ம தலையெழுத்து" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியது தலையெழுத்துக்கா? பியூனின் சைக்கிளை எடுத்தேன்.

தனம் அக்காவுக்கு நன்றாக சைக்கிள் விடத் தெரியும். எனக்கு அரைகுறை. ஆனால் நாற்பது கிலோமீட்டர் ஹேண்டில்பாரைப் பிடித்தால் விரல் விறைத்துப்போகும். அதனால் நான் மிதிப்பது, அவர் கேரியரில் உட்காருவது என்று முடிவு செய்தேன். அவரை இரண்டு கையையும் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தனம் அக்கா என்னைப் போல ஒன்றரைப் பங்கு. முதல் மேட்டிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"நா மிதிக்கறேன், எறங்குங்க."

"கைய வெளிய எடுக்காதீங்க!"

"நீங்க செத்துப் பூட்டீங்கன்னா யாரு கூட்டிக்கினு போறது?"

மரம் கிடக்கிற இடத்தில் எல்லாம் நான் ஒருத்தியே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். அவர் துண்டு சுற்றிய கையோடு மகாராணி மாதிரி நின்று, "அந்தக் கெளைல சுடிதார் மாட்டிக்கும், பாத்து" என்று யோசனை சொல்வார்.

தியாகதுருகம் தாண்டி ஓரிடத்தில் பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் குதித்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை 'பி.ஏ.' என்றே கூப்பிட்டார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க. எங்க போய்க்கினு இருக்கீங்க? ரோடு மூடிக்கிது, தெரியல?"

"இவ்ளோ பெரிய மரம் தெரியாமலா இருக்கும்?" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுத் தனம் அக்காவைப் பார்த்தார். "அந்தம்மா கையில இன்னா? தீ பட்டுகிச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் உடனே வழி விட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை எங்கேயும் தடுக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தி வேலை செய்யாது. "தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பரீட்சைக்குப் போறோம். கை கெட்டுடக் கூடாதுன்னு சுத்தி வெச்சிருக்கேன்" என்றேன்.

"இன்னா பரீட்சை?"

"பியானோ."

மரத்தின்மேல் இருந்த ஒருவர், "அது இன்னாய்யா?" என்றார்.

"ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா மாதிரி" என்றார் தனம் அக்கா.

பி.ஏ.வுக்கு முகம் சிவந்தது. "நாங்க படிப்புலயும் வேலையிலயும் எடம் கேட்டு மூணு நாளா மழையில ஒக்காந்துகினு இருக்கோம். நீங்க பொட்டி வாசிக்கப் போறீங்களா?"

நான் பதிலுக்குக் கத்த வாய் திறந்தேன். தனம் அக்கா முந்திக்கொண்டார். "நானும் வேலைக்குத்தாம்பா போறேன். பதினோரு வருசமா டெம்ப்ரவரி. இதுல பாஸானா பர்மனென்ட்டு. தை பொறந்தா நாப்பது முடிஞ்சிடும், அப்பறம் கேக்க முடியாது."

"பதினோரு வருசமா?"

"ஆமாம்பா."

பி.ஏ. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானு படிச்சி முடிச்சி ஏழு வருசம்" என்றார்.

ஆனால் மரத்தின்மேல் இருந்த கிழவர் ஒருவர் விடவில்லை. கையில் அரிவாள் வைத்திருந்தார், மரத்தை வெட்டியவரே அவர்தான் போல. "சும்மா வுட்டா நாளிக்கு ஊரே கையில துணி சுத்திகினு வரும். வாசிச்சிக் காட்டச் சொல்லு."

"எதுல வாசிக்கறது?" என்றேன்.

"இதோ மரம் கெடக்குதே. கையி இருக்குது. அப்பறம் இன்னா?"

தனம் அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் துண்டை அவிழ்த்து, புளியமரத்தில் பட்டை உரிந்து வழவழப்பாக இருந்த ஓரிடத்தின் முன்னால் மண்டி போட்டு, இரண்டு கையையும் வைத்து வாசிக்க ஆரம்பித்தார்.

நான் சொல்வதை நன்றாகக் கவனியுங்கள். இரண்டு வருஷமாக அவர் வாசிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் இல்லை அல்லவா, பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மெட்டு ஏறியது. ஏ. ஜி. மறுபடி ஏ-க்குப் போகும் முன் அவருடைய நாலாவது விரல் கொக்கி மாதிரி வளைந்தது. மரத்தில் இல்லாத ஒரு கட்டையைத் தூக்கிவிட்டது. பிறகுதான் அழுத்தியது.

நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காத்திருப்பு இதுதான். உணர்ச்சியும் இல்லை, மண்ணும் இல்லை. ஊறிப்போன கட்டையைத் தூக்க ஆகிற நேரம். அதைவிடக் கேவலம், அவர் அதை என்னிடம்தான் கற்றுக்கொண்டார். மழை என்றால் கட்டை ஒட்டும், தூக்க வேண்டும். வெயில் நாளிலும் என் விரல் அதையே செய்திருக்கிறது. நான்கு வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் என்னிடம் கற்ற அத்தனை பிள்ளைகளும் அந்த ஏ-யில் நொண்டியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அடடா" என்று சொல்லியிருக்கிறேன்.

மரத்தின்மேல் விவாதம் நடந்தது.

"சத்தமே வரலியே, நல்லா வாசிக்கறாங்களா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

"அதான்யா நல்ல வாசிப்பு. ஒருத்தருக்கும் தொந்தரவு கெடையாது."

"வெரலு போற வேகத்தப் பாரு. பொய்யி இல்ல."

தனம் அக்கா முடித்துவிட்டு எழுந்தார். "ஏங்க்கா! அந்த ஏ-யில இன்னா பண்றீங்க?" என்று கத்த நான் வாயைத் திறந்தேன். "ஏங்க்கா" வரைக்கும்தான் வந்தது.

பி.ஏ. கையைக் காட்டித் தடுத்தார். "டீச்சரே, பரீட்சைக்குப் போறவங்கள நடுரோட்டுல வெச்சித் திட்டாதீங்க. போற எடத்துல கை ஒதறும்."

நாலு பேர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். தனம் அக்கா தானும் பிடிக்கப் போனபோது அரிவாள் கிழவர் அதட்டினார்: "நீ கைய வெக்காத! துண்ட சுத்து!"

மீதி வழி முழுவதும் நான் பேசவில்லை. சொல்வதா வேண்டாமா? இதை நீங்களும் ஒருநாள் யோசிக்க வேண்டி வரும், அதனால் எழுதுகிறேன். சொன்னால் என்ன ஆகும்? விரல் நான்கு மணி நேரத்தில் மாறாது. இரண்டு வருஷப் பழக்கம். அந்த இடம் வரும்போது பயம் மட்டும் புதிதாகச் சேரும். தெரியாமல் நொண்டினால் ஒரு மார்க் போகும், தெரிந்து நொண்டினால் பாட்டே போகும். சொன்னால் என் வயிற்றெரிச்சல் ஆறும். அவருக்கு ஒரு பைசா உபயோகம் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் வெளியே கொட்டிவிடுகிற ஆள் நான். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

"இன்னா டீச்சரம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார் பின்னாலிருந்து.

"ஏன்?"

"இவ்ளோ நேரம் திட்டவே இல்ல. பயமா இருக்குது."

மதியம் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தோம். பரீட்சை எடுப்பவர் பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலில் பன்னிரண்டு பேர், ஒருவர்கூட வரவில்லை. மூன்று நாளாக லாட்ஜில் ஒரே இட்லியைத் தின்று கடுகடுவென்று இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வயதுப் பெண்மணி முழங்காலில் புளியமரத்து மண்ணோடு வந்து நின்றதைப் பார்த்து, "கேண்டிடேட் எங்கே?" என்று என்னிடம் கேட்டார்.

கதவைச் சாத்தினார்கள். ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த பியானோ நல்ல பியானோ, எல்லாக் கட்டையும் தொட்டால் எழும்பும். மெதுவான பாட்டு ஆரம்பித்தது. சத்தம் கம்மியாக, கனம் இறங்கி, நான் சொன்ன மாதிரியே வந்தது. ஏ. ஜி. நின்றது. ஏ. போச்சு, ஒன்று என்று விரலை மடக்கினேன். பாட்டு சுற்றி வந்தது. முடிவில் மறுபடி அதே மெட்டு. ஏ. ஜி. நின்றது. ஏ. இரண்டு. பெஞ்சை ஓங்கி உதைத்தேன். பெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பும் வழியிலும் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து மதிப்பெண் தாள் தபாலில் வந்தது. பாஸ். சொற்ப மார்க்கில்தான், ஆனால் பாஸ். அந்த மெதுவான பாட்டுக்கு நேரே பரீட்சை எடுத்தவர் எழுதியிருந்தார்: மெட்டு முதலில் வந்தபோது உச்சியில் கை தடுமாறியது, திரும்பி வந்தபோது அதே இடத்தில் காத்திருந்தது மிக அழகு, இப்படிக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்குப் பாராட்டு.

மூன்று தடவை படித்தேன். அதே விரல், அதே கட்டை, அதே தாமதம். ஒன்று தடுமாற்றமாம், ஒன்று அழகாம். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. நான் கேட்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

நர்சரி அறைக்குப் போய்த் தனம் அக்காவிடம் தாளைக் கொடுத்தேன். பாஸ் என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஊறிய கட்டை, கொக்கி விரல், மரத்தின்மேல் நான் பார்த்தது, என்னுடைய முட்டாள்தனம், எல்லாம். பிறகு கேட்டேன், "அங்க இன்னாதான் பண்ணீங்க?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மொத தபா தூக்கப் போனேன் டீச்சரம்மா. தூக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, கட்டை தானா எழும்பி நிக்கிது. பகீர்னு ஆயிடுச்சி. அப்பத்தான் தெரிஞ்சிது, நா இவ்ளோ நாளா எதுக்கு நின்னேன்னு."

"அப்ப ரெண்டாவது தபா ஏன் நின்னீங்க?"

"நிக்காம போயிடலாம்னுதான் வந்தேன். கிட்ட வந்தா, போவ மனசு வரல. அங்க கொஞ்சம் நின்னாத்தான் அது அதா இருக்குது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசி பெஞ்சுல யாரும் இல்லல்ல? அதான், எனக்கே கேட்டுச்சி" என்றார்.

இதற்கு மேல் உணர்ச்சியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. உங்கள் புத்தகத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ட்யூனர் அடுத்த மாதம் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மழை நாளில் வந்தார். ஏ கட்டை பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். "அட, ஆமாம்மா" என்றார். பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு எந்த மேகத்துக்கும் அந்தக் கட்டை ஊறவில்லை. பிள்ளைகள் மட்டும் அங்கே நொண்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "எதுக்கு நிக்கற? ஒட்டலியே, எதுக்கு நிக்கற?" என்று திட்டித் திட்டி விரலை நிமிர்த்தினேன். ஒரு வருஷம் பிடித்தது.

எல்லோரையும் சரிசெய்துவிட்ட திமிரில் ஒருநாள் மதியம் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டை நான் வாசித்தேன். ஏ. ஜி. நின்றேன். ஏ.

பின்னால் வாசற்படியில் தனம் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் வருகைப் பதிவேடு. இப்போது நிரந்தரம் அல்லவா.

"டீச்சரம்மா," என்றார், "இப்ப நின்னது பழக்கமா, மனசா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.